இரண்டாம் சமாதானம்

துப்பாக்கிகள் மௌனமான இடத்தில் சமாதானம் பிறந்துவிட்டதாக எண்ணுவது உலக வழக்கம். அரசுகள் அவ்வாறே அறிவிக்கின்றன. நாளேடுகள் அவ்வாறே எழுதுகின்றன. நாமும் அவ்வாறே நம்பி அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் வெடியோசை ஓய்வது வேறு; உள்ளம் ஓய்வது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை மனிதர் எவ்வாறு கடப்பது என்பதே ஈண்டு நாம் சிந்திக்க விழையும் பொருள். இது ஏட்டைப் புரட்டியதால் எழுந்த கேள்வியன்று. சென்ற ஆண்டு ரமலானுக்கு முன்னர், நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவின் சுவருக்கு வண்ணம் பூச வந்த ஒருவர் நம்முன் வைத்த கேள்வி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையை அறிந்தோர் அதன் ஓசைகளையும் அறிவர். ஒருபுறம் மண்டிகளில் மூட்டை இறங்கும் அரவம். மறுபுறம் வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்குத் தட்டும் சிறு சுத்தியின் ஒலி. அவ்வோசைகளுக்கு நடுவே, ஏணியின் மேல் நின்று சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார் அவர். வயது அறுபதை நெருங்கியிருக்கும். இவ்வூரில் யாவரும் நம்மை 'ஹஜ்ரத்' என்றே அழைப்பர். அவரோ, "மௌலவி, கொஞ்சம் தண்ணி தாறீங்களோ?" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவர் எந்த மண்ணிலிருந்து வந்தவர் என்பது விளங்கிவிட்டது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். 1990ஆம் ஆண்டின் இறுதியில் தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் இம்மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர். அன்று அகதி முகாம் எனப்பட்டதற்கு 2021இல் அரசு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறினும் அவர் வாழ்வது அம்முகாமில்தான்.

பகல் உணவுக்குப்பின் அவர் தயங்கித் தயங்கிக் கூறிய செய்தி இது. ஊரில் அவர் வீட்டை அடுத்திருந்தது ஒரு முஸ்லிம் குடும்பம். 1990 அக்டோபர் மாத இறுதியில் வடபுலத்து முஸ்லிம்கள் யாவரும் வெளியேற வேண்டும் எனப் புலிகள் கட்டளையிட்டபோது, அக்குடும்பமும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிளம்பியது. வீட்டம்மாள் தம் கோழிகளைக் கூட்டிலிருந்து திறந்துவிட்டுச் சென்றார். அவை அடுத்த வீட்டு முற்றத்துக்கு வந்தன. மூன்றாம் நாள் இவர் வீட்டார் அவற்றை அடித்துச் சமைத்து உண்டனர்.

"அதுக்கு உங்கட மார்க்கத்தில என்ன பரிகாரம், மௌலவி?" என்று வினவினார்.

மார்க்கச் சட்டம் கற்றவர் என்ற முறையில் நமக்கு விடை எளிதாகவே வந்தது. பிறர் பொருளை உண்டவர் உரியவரைத் தேடிக் கண்டு, விலை கொடுத்தோ மன்னிப்புப் பெற்றோ தீர்த்துக்கொள்ள வேண்டும். அவர் இறந்திருப்பின் வாரிசுகளிடம் தீர்க்க வேண்டும். எவரையும் காண இயலாதெனில், உரியவர் பெயரால் அத்தொகையை ஏழைகட்கு ஈய வேண்டும். இதனை விளக்கிக் கூறினோம். அவர் அமைதியாகக் கேட்டார். பின்னர், "அது கோழிக்கு, மௌலவி. சில பேர் போய் அவையளிட்டக் கெஞ்சினவை. நான் ஒரு சொல்லும் கதைக்காமல் நிண்டனான். அதுக்கு?" என்றார்.

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவர் மீண்டும் ஏணியில் ஏறிவிட்டார்.

அவர் எதனைக் குறித்துப் பேசினார் என்பதை இளைய தலைமுறை வாசகர் அறிந்திருக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுசைனிய்யா பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றோர் மீது சுட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அம்மாதம் 11ஆம் நாள் இரவு ஏறாவூரிலும் பெண்டிர், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அக்டோபரில் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் துரத்தப்பட்டனர். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகத் தையல், வணிகம், மீன்பிடி, வேளாண்மை எனப் பல தொழில் செய்து வாழ்ந்த மக்களிற் பெரும்பாலோர் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் குடியேறினர்.

2002 பிப்ரவரி 22ஆம் நாள் நார்வேயின் அனுசரணையில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் சந்தித்து ஓர் இணக்கத்தில் கையொப்பமிட்டனர். வெளியேற்றப்பட்டது குறித்து வருத்தம் தெரிவிக்கப்பட்டது. திரும்பி வரலாம் என்றும் கூறப்பட்டது. எனினும் செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, முஸ்லிம்களுக்கெனத் தனித் தூதுக்குழு வழங்கப்படவில்லை. ஹக்கீம் அரசின் குழுவில் ஒருவராகவே அமர்ந்தார். 2003 ஏப்ரலில் பேச்சு நின்றது. 2006இல் போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கக்கூடும் என ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு 2011இல் கூறிற்று. அவ்வாறு மாண்டோரில் எத்தனை குழந்தைகள், எத்தனை தாய்மார்! அவர்கள் எவரையும் எங்கிருந்தும் துரத்தியவர்கள் அல்லர்.

இனி, நமது கேள்விக்கு வருவோம்.

திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய ஹுஜுராத்தின் 9ஆம் வசனம், இரு கூட்டத்தார் போரிட்டுக்கொண்டால் செய்ய வேண்டியதைக் கூறுகிறது. அதில் 'இஸ்லாஹ்' செய்யுமாறு வரும் கட்டளை ஒருமுறையன்று, இருமுறை வருகிறது. முதல் முறை சமாதானம் செய்து வைக்குமாறு மட்டுமே ஏவப்படுகிறது. வரம்பு மீறியவர் அடங்கித் திரும்பிய பிறகு, இரண்டாம் முறை அதே ஏவல் வருகிறது. ஆனால் இப்போது 'நீதியுடன்' என்னும் சொல் உடன் சேர்கிறது. ஓதிக்கொடுக்கும் காலத்தில் இவ்வசனத்தைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறோம். வண்ணம் பூச வந்தவர் கேட்ட பின்னரே அந்த இரட்டிப்பில் நம் கண் நின்றது. முதலாம் சமாதானம் கையை நிறுத்துவது. இரத்தம் ஓடிக்கொண்டிருக்கையில் கணக்கு விசாரிப்போர் இல்லை. முதலில் இரத்தம் நிற்க வேண்டும். இரண்டாம் சமாதானமோ, யாருக்கு என்ன நேர்ந்தது, யாருடையது யாரிடம் இருக்கிறது என்று அமர்ந்து பேசுவது. உலகம் பெரும்பாலும் முதலாவதோடு எழுந்து சென்றுவிடுகிறது.

இவ்வசனம் முஃமின்களாகிய இரு கூட்டத்தாரைப் பற்றியதாயிற்றே எனச் சிலர் வினவலாம். உண்மையே. ஆயினும் ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியினின்று நம்மை வழுவச் செய்தலாகாது என அல்மாயிதா அத்தியாயம் ஏவும்போது, அக்கூட்டத்தாரின் மார்க்கம் யாதென்ற நிபந்தனை அங்கே இல்லை. நீதி என்பது அண்டை வீட்டின் வாசலில் நின்றுவிடும் பொருளன்று.

அரபு மொழியில் 'ஸுல்ஹ்' என்பதும் 'இஸ்லாஹ்' என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. சமாதானம் என்பதும், பழுதுபார்த்தல் என்பதும் அவ்வேரின் பொருள்கள். தமிழிலும் இதற்கு இணையான வியப்பொன்று உண்டு. 'சந்து' என்னும் சொல் உடலின் மூட்டையும் குறிக்கும். பகைவரிடையே சென்று இணக்கம் பேசுவதையும் குறிக்கும். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்ற கோவூர்கிழாரும், நம் பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாரும் அப்பணியையே செய்தனர். முறிந்ததை மீண்டும் பொருத்துவதே சமாதானம் என்பதில் இரு மொழிகளும் ஒத்து நிற்கின்றன.

பொருத்துவது எவ்வாறென்பதைச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் எவரும் காணலாம். அறுந்த கொலுசைக் கொண்டுவந்தால் தொழிலாளி உடனே பற்றவைப்பதில்லை. முதலில் அறுந்த இரு முனைகளையும் அழுக்குப் போகத் தேய்க்கிறார். பின்னரே பொடி வைத்து ஊதுகிறார். ஏன் இத்தனை தேய்ப்பு என ஒருமுறை வினவினோம். அழுக்கின் மேல் வைத்த பற்று அன்றைக்கு ஒட்டியதுபோல் தோன்றும். காலில் போட்டு நடந்தால் விட்டுவிடும் என்றார். இரு முனைகளையும் தேய்க்க வேண்டும் என்பதை ஈண்டுக் கவனிக்க வேண்டும். ஒரு முனையை மட்டும் தேய்த்துப் பயனில்லை.

இங்கேதான் நமக்குக் கசக்கும் இடம் வருகிறது. இலங்கைத் துயரைக் குறித்துப் பேசும் தமிழ் முஸ்லிம்கள் கணக்கை 1990 ஆகஸ்ட் 3இல் தொடங்குகிறோம். கிழக்கிலங்கைத் தமிழரோ வேறொரு தேதியில் தொடங்குகின்றனர். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் அடுத்த நாள்களில், ஆகஸ்ட் 12இல், அம்பாறை மாவட்டத்து வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்த தமிழர் கொல்லப்பட்டனர். அதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினரும் பங்குகொண்டனர் என்று உயிர் தப்பியோர் கூறிவருகின்றனர். 2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் ஞாயிறன்று, நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மடிந்தோர் தமிழ்க் கிறித்தவர். அவர்களிற் பலர் சிறுவர். மண்டிக்காரர் பேரேட்டைப் பாருங்கள்: தமக்கு வரவேண்டியதை மட்டும் எழுதி, தாம் தரவேண்டியதை விடுத்த பேரேட்டை எந்த வணிகரும் ஒப்புக்கொள்ளார். சமூகங்களோ அத்தகைய பேரேடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றிப் பாதுகாக்கின்றன. தொலைவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. 1997 இறுதியில் கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதோடு கணக்கைத் தொடங்குவோரும், 1998 பிப்ரவரி 14இல் அங்கே குண்டுவெடிப்புகளில் 58 பேர் மாண்டதோடு தொடங்குவோரும் இன்றும் ஒரே தெருவில் வாழ்கின்றனர்.

இவ்வாறு கூறுவது இரு கொடுமைகளையும் எடைபோட்டுச் சமன் செய்வதாகாதா? துரத்தப்பட்டவரிடம் சென்று, உம் தரப்பிலும் குற்றம் உண்டு என்பது புண்ணில் வேல் பாய்ச்சுவதாகாதா? இது நேர்மையான மறுப்பு. இதனைத் தட்டிக்கழிக்க இயலாது. புத்தளத்துக் கொட்டிலில் முதுமை அடைந்த தாய் எவருக்கும் எந்தத் தீங்கும் செய்தவர் அல்லர். அவரிடம் எவரும் ஒப்புதல் கேட்கக் கூடாது. நாம் கூறுவது வேறு. பிறர் தரப்புக் குற்றத்தைப் பிறர் கூறட்டும். எம் தரப்புக் குற்றத்தை யாமே கூறுவோம் என்பதே அது. தமக்கும் பெற்றோருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி நிற்குமாறு அன்னிஸா அத்தியாயம் ஏவுவதும் இதனையே. ஒருவர் வாயால் தம் குற்றம் வெளிப்படும்போது அது சான்று. மற்றவர் வாயால் வரும்போது அது வசை. குற்றம் ஒன்றே, அதை உரைக்கும் வாய் எதுவென்பதைப் பொறுத்து அது பாலமாகவோ சுவராகவோ ஆகிறது.

அத்தகையோர் ஈழத் தமிழரிடையே இல்லாமல் இல்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த எம். ஏ. சுமந்திரன், வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை இனச்சுத்திகரிப்பு என்றே வெளிப்படையாகக் கூறித் தம்மவரின் கண்டனத்துக்கு ஆளானார். 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி முஸ்லிம் ஜனாஸாக்களை இலங்கை அரசு கட்டாயமாக எரித்தபோது, 2021 பிப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர் நடத்திய பேரணியில் அதற்கெதிரான குரலும் இடம்பெற்றது. வழியெங்கும் முஸ்லிம்கள் வந்து சேர்ந்துகொண்டனர். முப்பதாண்டுக் கசப்புக்குப் பின் ஒரே சாலையில் நடந்தனர். அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் ஒருவர் துயரை மற்றவர் தம் வாயால் கூறியது அன்று நிகழ்ந்தது.

பேச்சினால் மட்டும் யாவும் அமைந்துவிடும் என்று நாம் கூற வரவில்லை. 2009க்குப் பின் ஊர் திரும்பிய முஸ்லிம்கள் கண்டது காடு மூடிய காணி, இடிந்த வீடு, தொலைந்த பத்திரம். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மன்னார் தாய் சொன்ன கதையிலுள்ள ஊர். காணி திரும்பாமல், வீடு எழாமல், பெயர் பதிவேட்டில் ஏறாமல் வெறும் தேநீர்க் கூட்டங்களில் கைகுலுக்குவது பேச்சன்று, பொழுதுபோக்கு. நீதியற்ற பேச்சு ஏமாற்று. பேச்சற்ற நீதியோ அதிகாரியின் கையெழுத்து. அது காணியைத் தரும், அண்டை வீட்டாரைத் தராது.

அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வில் ஹுதைபிய்யா உடன்படிக்கை இதனை விளக்கும். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் உம்ராவுக்குச் சென்ற நபியவர்களைக் குறைஷியர் தடுத்தனர். உடன்படிக்கை எழுதுகையில், 'இறைத்தூதர்' என்னும் சொல் கூடாதெனக் குறைஷியரின் தூதர் ஸுஹைல் மறுத்தார். அலீ (ரலி) அவர்கள் அதனை அழிக்கத் தயங்க, நபியவர்கள் தாமே அழித்தார்கள். தம் சிறப்பையே விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அதே வேளையில் ஸுஹைலின் மகன் அபூஜந்தல் (ரலி) விலங்குகளுடன் ஓடிவந்து அடைக்கலம் கோரினார். அவரை விட்டுவிடுமாறு நபியவர்கள் கேட்டும் ஸுஹைல் இணங்கவில்லை. அவர் திருப்பி அனுப்பப்பட்டார். தோழர்கள் துடித்தனர். முதலாம் சமாதானத்தின் விலையை ஓர் இளைஞரின் விலங்கு சுமந்தது என்பதை நமது வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை. பின்னர் அபூஜந்தல் தப்பிக் கடற்கரைப் பகுதியில் தம் போன்றோருடன் சேர்ந்துகொள்ள, அந்த நிபந்தனையை நீக்குமாறு குறைஷியரே வேண்டினர். போர் நின்ற அந்த இடைவெளியில் மக்கள் ஒருவரையொருவர் கண்டு பேசினர். அதன் பின்னரே ஹிஜ்ரி 8இல் மக்கா இரத்தம் பெருகாமல் திறந்தது. முதலாம் சமாதானம் குறையுடையதே. அக்குறையை மறவாதோருக்கே இரண்டாவது வாய்க்கிறது.

எனில், வாய் திறவாமல் நின்றதற்குப் பரிகாரம் யாது? அடியாருக்கு இழைத்த குற்றத்தை அவ்வடியாரே மன்னிக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. தவ்பாவால் மட்டும் அது தீராது. ஆகவே அந்த மனிதரிடம், 'அல்லாஹ் மன்னிப்பான். கவலற்க' என்று கூறி அனுப்ப நமக்கு அதிகாரம் இல்லை. இதனை எண்ணிய இரவில், நம் பேரேட்டின் மறுபக்கம் நமக்கே புலப்பட்டது.

1990 இறுதியில் நாம் ஓதி முடித்துப் பணியேற்ற புதிது. முகாமிலிருந்து வந்த இளைஞர் மூவர் மூட்டை தூக்கும் வேலை கேட்டு மண்டி ஒன்றின் வாசலில் நின்றனர். மண்டிக்காரர் நம்மவர். "என்ன சொல்றீங்க ஹஜ்ரத், வெச்சுக்கலாமா?" என்று நம்மைக் கேட்டார். "காத்தான்குடியை மறந்துவிட்டீர்களா?" என்று கூறினோம். அவர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். காத்தான்குடியில் சுட்டவர்களிடமிருந்து தப்பி வந்தவர்களா, அவர்களுக்கு வேண்டியவர்களா என்று நாம் வினவவில்லை. அவர்கள் பசித்திருந்தார்களா என்றும் வினவவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாக அதனை நாம் குற்றமெனக் கருதியதுமில்லை.

மறுநாள் இரண்டாம் பூச்சுக்கு அவர் வந்தபோது இதனைக் கூறினோம். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தப் பெடியள்ல நான் இல்லை, மௌலவி. அவங்களுக்காக நான் மன்னிக்கேலாது," என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா நீங்கள் சொன்னது நல்லது," என்றார். நாம் மார்க்கச் சட்டமாகக் கற்பித்துவந்ததை அவர் கற்காமலே அறிந்திருந்தார்.

புத்தளத்தில் நமக்குப் பழக்கமான ஆலிம் ஒருவர் வாயிலாக அக்குடும்பத்தை விசாரித்தோம். பல மாதங்கள் கழித்து விவரம் கிடைத்தது. பெற்றோர் காலமாகிவிட்டனர்; மகன் இருக்கிறார். மதரஸாவின் திண்ணையில் அமர்ந்தே இருவரும் தொலைபேசியில் பேசினர். கோழிக் கணக்கைத் தாம் விட்டுவிட்டதாக மகன் கூறினார்; தம் தாயார் அவற்றை இறுதிவரை நினைவில் வைத்திருந்தார் என்றும் கூறினார். மற்றதைக் குறித்து இவர் பேச்செடுத்தபோது மட்டும் அவர் குரல் மாறிற்று. "அது போனில கதைக்கிற விசயமில்லை. நேரில வாங்க, இருந்து கதைப்பம்," என்றார்.

முகாமில் வாழ்வோருக்கு அப்பயணம் எளிதன்று. அதற்கான தாள்களுக்கு அவர் விண்ணப்பித்திருக்கிறார். அம்மூவரைத் தேடும் பணி நமக்கு இருக்கிறது. ஒருவர் குறித்து மட்டும் சிறிது தகவல் கிடைத்துள்ளது. எழுந்து செல்லாமல் இருந்து பேசும் பொறுமையையும், நம் பேரேட்டின் இரு பக்கங்களையும் எழுதும் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் யாவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.